தாசனும் தாசியும்: பணிவைச் சொல்லும் ஒரு பதத்தின் சரித்திரம்



ஆங்கிலத்தில் 'அப்சீக்வியஸ்' என்று ஒரு சொல் உண்டு. அதிகாரமோ செல்வமோ உடையவர் முன்னிலையில் அளவுக்கு மிஞ்சிக் குழைந்து, அவர் வாய் திறக்குமுன்பே தலையாட்டி, அவருடைய அபிப்பிராயமே தம் அபிப்பிராயமும் என்று காட்டிக்கொண்டு நிற்பவரைக் குறிக்க இக்காலத்தார் அந்தச் சொல்லை வழங்குகிறார்கள். ஒருவரை அப்படிச் சொன்னால் அது வசை, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது வசையாகப் பிறக்கவில்லை; நெடுங்காலம் நன்மக்களின் குணம் ஒன்றைச் சொல்லும் புகழ்ச்சொல்லாகவே நடமாடிற்று. புகழ் எவ்வாறு வசையாயிற்று என்பதை ஆராய்வதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம். அதற்கு ரோமாபுரிக்கும் லண்டன் மாநகரத்துக்கும் போக வேண்டும், போவோம். ஆயினும் இந்த வழக்கின் முக்கியமான சாட்சிகள் நம் புதுக்கோட்டையில், திருக்கோகர்ணத்திலும் குடுமியான்மலையிலும் மகாராஜா கல்லூரியிலும் இருக்கின்றபடியால், அயல்நாட்டில் நெடுநேரம் தங்காமல் ஊர் திரும்பிவிடலாம்.

லத்தீன் மொழியில் 'சீக்வி' என்ற வினை பின்செல்லுதலைக் குறிக்கும். 'ஒப்' என்ற முன்னொட்டு அதனோடு சேரும்போது, ஒருவருடைய உள்ளக்கருத்தை ஒட்டி நடத்தல் என்ற பொருள் பிறக்கிறது. அதிலிருந்து வந்த 'ஒப்சீக்வியம்' என்ற பெயர்ச்சொல் ரோமானியர் வாழ்க்கையில் சட்டத்தின் அங்கீகாரம் பெற்ற ஒரு கடமையாகவே விளங்கிற்று. அடிமையாயிருந்த ஒருவனுக்கு அவன் எஜமானன் விடுதலை அளித்துவிட்டால், அன்று முதல் அவன் சுதந்திரமுள்ள மனிதன். சொத்து வாங்கலாம், தொழில் செய்யலாம். எனினும் தன்னை விடுவித்த எஜமானனுக்கு அவன் ஆயுள் உள்ளவரை 'ஒப்சீக்வியம்' செலுத்தக் கடமைப்பட்டவன். நீதிபதியின் அனுமதியின்றி அந்தப் பழைய எஜமானன்மீது வழக்குத் தொடுக்கவும் அவனால் ஆகாது. விலங்கு கழன்ற பிறகும் காலில் தங்கியிருந்த தழும்பைப் போன்றது அந்தக் கடமை. ரோமானியச் சான்றோர் அதை இழிவாகக் கருதவில்லை. நன்றியின் பெயர் அது என்று கருதினார்கள். தழும்பு உள்ளவன் என்ன கருதினான் என்பதை அவர்கள் எழுதிவைக்கவில்லை.

இந்தப் பின்செல்லும் வினைக்கு நம் நாட்டிலும் ஒரு தாயாதி உண்டு. சமஸ்கிருதத்தில் 'ஸச்' என்ற தாது உடன்செல்லுதலையும் ஒட்டியிருத்தலையும் குறிக்கிறது. லத்தீன் வினையும் இதுவும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பது மொழிநூலார் நெடுநாளைக்கு முன்பே நிலைநாட்டிய செய்தி. அந்தத் தாதுவிலிருந்துதான் அமைச்சனைக் குறிக்கும் 'சசிவன்' என்ற சொல் வந்தது. சமஸ்தானத் திவானுக்குச் 'சசிவோத்தமர்' என்று பட்டம் சூட்டியதும் அதை வைத்தே. ஆகவே ஒரே வேர் மேற்கே சென்று கூழைக்கும்பிடு போடுகிறவனுக்குப் பெயராயிற்று. கிழக்கே வந்து அரசனுக்கு அறிவு சொல்லும் மந்திரிக்குப் பெயராயிற்று. இருவரும் அரசன் பின்னால் நடப்பவர்கள்தாம். ஒருவன் அரசன் பள்ளத்தை நோக்கிப் போனாலும் பின்னாலேயே போவான். மற்றவன் கையைப் பிடித்து நிறுத்துவான்.

ஆங்கிலத்தில் இந்தப் பதம் 15ஆம் நூற்றாண்டில் நுழைந்தபோது, ஏவியதை விரும்பிச் செய்பவன், கடமை தவறாதவன் என்ற நல்ல பொருளிலேயே நுழைந்தது. ஏறத்தாழ 1600ஆம் ஆண்டளவில் ஷேக்ஸ்பியர் எழுதிய 'ஹாம்லெட்' நாடகத்தில், இறந்த தந்தைக்கு மகன் காக்கும் துக்கத்துக்கு இது அடைமொழியாக வருகிறது. ஈமக்கடனைக் குறிக்கும் வேறோர் ஆங்கிலச் சொல்லின் சாயலும் அங்கே கலந்து கிடக்கிறது. சில ஆண்டுகளில் எழுந்த 'ஒத்தெல்லோ'விலோ, எஜமானன் வீட்டில் முழங்கால் மடித்து மடித்தே ஆயுளைக் கழிக்கும் ஊழியனைப் பழித்துரைக்கும் இடத்தில் அதே சொல் வருகிறது. ஒரு கவியின் கையில், ஒரு தலைமுறைக்குள்ளாகவே, மகனுடைய பக்தியும் ஊழியனுடைய இழிவும் ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றன என்றால், அந்தச் சொல் அப்போதுதான் திசை திரும்பிக்கொண்டிருந்தது என்று கொள்ளலாம். பிற்காலத்தில் நல்ல பொருள் முற்றும் உதிர்ந்து போயிற்று.

ஏன் உதிர்ந்தது? அரண்மனையின் தயவால் பதவியும் மானியமும் கிடைக்கும் காலத்தில், பின்செல்லுதல் ஒரு பிழைப்பாகிவிடுகிறது. அன்பினால் பின்செல்பவனும் ஆதாயத்துக்காகப் பின்செல்பவனும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே குனிகிறார்கள். பார்ப்பவர் இருவரையும் பிரித்தறிய முடியாமல் ஐயுறத் தொடங்கும்போது, அந்த ஐயம் சொல்லின்மீது படிகிறது. இது என் அபிப்பிராயம். ஆனால் பணிவைக் குறிக்கும் வேறு பல சொற்களும் இதே வழியில் சென்றிருப்பது இதற்கு ஆதரவு. 'டோசைல்' என்றால் முதலில் பாடம் கேட்கத் தக்கவன்; இப்போது சாதுவான பிராணி. 'மீக்' என்றால் மென்மை; இப்போது எதிர்த்துப் பேசாத கோழைத்தனத்தின் வாடையும் அதில் வீசுகிறது.

தமிழன் இந்த விஷயத்தில் தெளிவாகவே யோசித்திருக்கிறான். 'கூழைக்கும்பிடு' என்ற நம் சொல்லைப் பாருங்கள். கூழை என்றால் குட்டை, குறை என்று பொருள். ஆங்கிலேயன் இந்தக் குற்றத்தை மிகையாகப் பார்க்கிறான்: வேண்டிய அளவுக்கு மேல் பணிந்துவிட்டான் என்பது அவன் கண்டனம். தமிழனோ இதைக் குறையாகப் பார்க்கிறான்: கும்பிட்ட கும்பிடு முழுமையாக இல்லை, கை குவிந்தது, நெஞ்சு குவியவில்லை என்பது நம் கண்டனம். அதனால்தான் கோயிலில் நெடுஞ்சாண்கிடையாக விழுகிறவனை எந்தத் தமிழனும் கூழைக்கும்பிடு போடுகிறான் என்று சொல்வதில்லை. உடம்பு எவ்வளவு வளைந்தது என்பது நமக்குக் கணக்கில்லை.

இந்த உரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

1686ஆம் ஆண்டு வாக்கில் ரகுநாதத் தொண்டைமான் நிலைநாட்டிய இந்தப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில், 1730 முதல் 1769 வரை ஆண்ட விஜயரகுநாத ராயத் தொண்டைமான், 1738ஆம் ஆண்டில் திருவரங்குளம் காட்டுப் பக்கத்தில் சதாசிவப் பிரம்மேந்திரரைக் கண்டார் என்பதும், மௌனியாகிய அந்த மகான் மணலில் எழுதிக் காட்டிய உபதேசத்தை, அந்த மணலோடு அள்ளிவந்து அரண்மனையில் பூஜையில் வைத்தார் என்பதும் சமஸ்தான வரலாறு. ஓர் அரசன் கோவணதாரியான ஒரு துறவியின் காலடி மண்ணைச் சுமந்து வந்தான். அவரிடமிருந்து அவனுக்குக் கிடைக்கக்கூடிய பரகணாவும் இல்லை, படையும் இல்லை. 'ஒப்சீக்வியம்' என்ற பழைய லத்தீன் பதத்தின் நல்ல தாத்பரியத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணத்தை நான் அறியேன்.

அந்தப் பக்தியின் தொடர்ச்சியாகத்தான் நவராத்திரி உற்சவமும் அம்மன் காசும் இந்த ஊரில் கீர்த்தி பெற்றன. அம்மன் காசை இளைஞர்களில் பலர் அருங்காட்சியகக் கண்ணாடிக்குள்தான் பார்த்திருப்பீர்கள். விரல் நகத்தளவே உள்ள செப்புக்காசு. ஒரு புறம் திருக்கோகர்ணத்து அம்மன் பிரகதாம்பாள் வீற்றிருக்கும் கோலம், மறு புறம் தெலுங்கு லிபியில் 'விஜய' என்ற எழுத்துகள். ஓர் அணாவில் இருபதில் ஒரு பங்குதான் அதன் மதிப்பு. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துத் தானமாக வழங்கிய இந்தக் காசில் அரசனுடைய முகத்தைத் தேடினால் கிடைக்காது. உலகத்து வேந்தர்கள் பலர் தங்கள் தலையை நாணயத்தில் பொறித்துக்கொண்டிருக்க, நம் அரசர்கள் தேவியின் உருவத்தைப் பொறித்தார்கள். திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாளை ஜனங்கள் 'அரைக்காசு அம்மன்' என்று அழைப்பதும், காணாமற்போன பொருள் கிடைக்க வெல்லம் வைத்து வேண்டிக்கொள்வதும் இன்றும் நடக்கிற காரியங்கள். பிற்காலத் தொண்டைமான்கள் தம் பட்டப்பெயர்களுக்கெல்லாம் முன்னால் 'ஸ்ரீ பிரகதாம்பாள் தாஸ்' என்று இட்டுக்கொண்டார்கள். ராஜா, பகதூர் என்பனவெல்லாம் அதற்குப் பின்னால்தான். முதலில் தாசன், பிறகுதான் ராஜா.

தெய்வத்துக்கு அடிமையானவன் மனிதருக்கு அடிமையாக மாட்டான் என்பது இந்த நாட்டுப் பக்தி மரபின் ஆணிவேரான நம்பிக்கை. பல்லவ மன்னனின் ஆணையை மறுத்து, தாம் சிவனுக்கன்றி வேறு எவருக்கும் குடியல்ல என்று முழங்கிய அப்பர் பெருமான் அதற்கு நிலையான சான்று. அப்படியானால் பிரகதாம்பாளின் தாசர்கள் கிழக்கிந்தியக் கும்பெனியாரிடத்தில் எவ்வாறு நடந்துகொண்டார்கள் என்ற கேள்வி எழாமல் இராது. நம் ஊரில் பிறந்தவர்கள் வெளியூருக்குப் போனால் இந்தக் கேள்வியை யாரேனும் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறார். ஆகவே அதைத் தவிர்த்துப் போக எனக்கு விருப்பமில்லை.

1799ஆம் ஆண்டில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்த பிறகு, திருமயத்தை அடுத்த காலியாப்பூர்க் காட்டில் மறைந்திருந்த வீரபாண்டிய கட்டபொம்மனைத் தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கும்பெனியாரிடம் ஒப்படைத்தார்கள். அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதன் பின்னர் தொண்டைமான் தம் சேவைகளைச் சுட்டிக்காட்டிக் கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சேர்ந்த பிரதேசத்தையும் வேண்ட, 1803இல் சென்னை அரசாங்கத்தார் அதை வழங்கினார்கள். ஆண்டுதோறும் ஒரு யானையைக் கப்பமாகக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. வியப்பான செய்தி என்னவென்றால், அந்த யானையைக் கும்பெனியார் ஒருநாளும் வற்புறுத்திக் கேட்கவில்லை. 1836இல் அந்தக் கப்பத்தை முறைப்படி தள்ளுபடியும் செய்துவிட்டார்கள். யானை அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. கொடுக்கக் கடமைப்பட்டவன் என்ற எழுத்துத்தான் வேண்டியிருந்தது. ரோமாபுரியில் விடுதலை பெற்ற அடிமையிடம் பழைய எஜமானன் எதிர்பார்த்ததும் அதுவே.

தொண்டைமானுக்காக வாதாடுவோர் சொல்வதிலும் நியாயம் உண்டு. தஞ்சைக்கும் மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவே சிக்கிய வறண்ட சிறுநாடு இது. வலியவன் ஒருவனின் நட்பில்லாமல் பிழைத்திருக்க இயலாது. கர்நாடக யுத்தங்களிலும் ஹைதர் அலியோடு நடந்த யுத்தங்களிலும் ஆங்கிலேயர் பக்கம் நின்றபடியால்தான் இந்தச் சமஸ்தானம் 1948 வரை பெயர் அழியாமல் இருந்தது. சுற்றிலுமிருந்த பாளையங்களெல்லாம் ஜமீன்களாய்த் தேய்ந்தபோது இது மட்டும் கப்பமில்லாத அரசாக எஞ்சிற்று. இவையெல்லாம் உண்மை. அரசியல் அறிவு என்றும் இதைச் சொல்லலாம். ஆனால் தன் காட்டில் ஒளிந்திருந்தவனைப் பிடித்துக் கொடுத்ததை அரசியல் அறிவு என்ற பெயரால் போர்த்த என் மனம் ஒப்பவில்லை. தேவிக்குத் தாசன் என்ற நிலை ஓர் அரசனுக்குக் கொடுக்கக்கூடிய பெரிய தைரியம், வேறு எவனுக்கும் தாசனாக வேண்டியதில்லை என்பது. அந்தத் தைரியம் காலியாப்பூர்க் காட்டில் துணைவரவில்லை.

பின்செல்லுதலுக்கு எஜமானன் கொடுக்கும் கூலி எவ்வளவு நாள் நீடிக்கும் என்பதும் நம் சமஸ்தானத்துச் சரித்திரத்திலேயே இருக்கிறது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணியை மணந்தார். ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் விசுவாசம் காத்த வம்சம் என்ற காரணத்தால் ஏகாதிபத்தியம் சற்றும் இளகவில்லை. அந்த ராணியை ராணியாகவோ, பிறந்த மகனை வாரிசாகவோ அங்கீகரிக்க மறுத்துவிட்டது. அரசர் நாட்டைப் பிரதிநிதி ஒருவரிடம் விட்டுவிட்டு வெளிநாட்டிலேயே வாழ்ந்து, 1928இல் பாரிஸில் காலமானார்.

சசிவன் என்ற பதத்துக்கு உரிய மனிதரும் இங்கே இருந்தார் என்பதை இடையில் சொல்லியாக வேண்டும். 1878 முதல் 1894 வரை திவானாகவும் திவான் ரீஜண்டாகவும் இருந்த சர் ஏ. சேஷய்ய சாஸ்திரியார், விளைச்சலில் பங்கு பிரித்துக்கொள்ளும் அமானி முறையை ஒழித்து, குடியானவன் அறுத்த கதிரைக் களத்திலேயே வைத்துக்கொண்டு சர்க்கார் சேவகனுக்காகக் காத்துக்கிடந்த துன்பத்தை நீக்கினார்; குளங்களைத் தூர்வாரி ஆழப்படுத்தினார்; இந்த நகரத்துக்கு இன்றுள்ள ஒழுங்கை அளித்தார். அரசனுக்கு ஊழியம் செய்தவர்தாம் அவரும். அவருடைய ஊழியத்தின் பயன் அரசனைத் தாண்டிக் களத்துமேடு வரை போயிற்று.

இனி 'தாஸ்' என்ற சொல்லின் மறுபாதிக்கு வருகிறேன். உண்மையில் இந்தச் சொற்பொழிவுக்கு நான் உடன்பட்டதே இதைச் சொல்வதற்காகத்தான்.

தாசன் என்பதன் பெண்பால் தாசி. இலக்கணப்படி இரண்டுக்கும் பொருள் ஒன்றே: ஊழியம் செய்பவர். தேவரடியார் என்ற சொல்லுக்கும் பொருள் அதுவே. தேவனுடைய அடிக்கீழ் இருப்பவர். கல்வெட்டுக் காலத்தில் அந்தச் சொல் தாங்கியிருந்த மதிப்பை அறிய வேண்டுமானால் குடுமியான்மலைக்குப் போங்கள். பாண்டியர் காலத்தில் உமையாழ்வி நாச்சி என்ற தேவரடியார் பெண்மணி அங்கே மலையமங்கை அம்மனுக்குச் சந்நிதி எழுப்பிய செய்தியைக் கல்வெட்டு பேசுகிறது. கோயில் எழுப்ப வேண்டுமானால் நிலம் வேண்டும், பொருள் வேண்டும், ஊராரிடம் வாங்கவும் விற்கவும் உரிமை வேண்டும். இவையெல்லாம் அவளிடம் இருந்தன. தன்னை அடியாள் என்று அவள் சொல்லிக்கொண்டபோது அது ராஜா தம்மைத் தாஸ் என்று சொல்லிக்கொண்டதற்கு ஒப்பானது.

பின்பு என்ன நடந்தது என்பதை நான் இந்த அவையில் விரித்துரைக்க வேண்டியதில்லை. கோயில்கள் வருமானம் இழந்தன. ஆதரித்த அரசுகள் வீழ்ந்தன. ஊழியத்துக்கு விட்ட மானியம் பெண்ணின் கையில் இருந்தபோதிலும், ஊழியம் செய்தால்தான் மானியம் என்ற நிபந்தனை அவளை அசையவிடவில்லை. சிறு வயதில் கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக் கட்டப்பட்ட பெண்ணுக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வழி இருக்கவில்லை. பணக்காரருடைய தயவு கோயிலின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தேவரடியாள் என்ற சொல் சந்தைத் தெருவில் பெண்களை வைவதற்குரிய சொல்லாகத் தேய்ந்து, இன்று நாகரிகமுள்ளவர் வாயால் உச்சரிக்கவும் கூசும் உருவத்தை அடைந்துவிட்டது. ஆக, ஒரே ஊரில், ஒரே தேவியின் சந்நிதியில், தாஸ் என்ற சொல் சிம்மாசனத்தில் அமர்ந்திருந்தவருக்குக் கிரீடமாயிற்று. தாசி என்ற சொல் மண்டபத்தில் ஆடிய பெண்ணுக்குச் சூட்டுக்கோலாயிற்று. பொருள் மாறவில்லை, தாது மாறவில்லை, விகுதி மட்டும் மாறிற்று. அரசர் மறுநாளே அந்தப் பட்டத்தைத் துறந்திருக்கலாம், அவரை யாரும் கேட்டிருக்க முடியாது. அவளால் துறக்க முடியவில்லை. இரண்டு சொற்களுக்கும் நேர்ந்த கதிகளின் பேதத்துக்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை. பணிவு இழிவா பெருமையா என்பது பணிந்தவனுக்கு நிமிர்ந்து நிற்கவும் உரிமை இருந்ததா என்பதைப் பொறுத்தது.

1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் இந்தப் புதுக்கோட்டையில், தேவரடியார் மரபில் வந்த சந்திரம்மாளுக்கும், மகாராஜா கல்லூரியின் முதல்வராயிருந்த நாராயணசாமி ஐயருக்கும் மகளாக முத்துலட்சுமி பிறந்தார். மெட்ரிகுலேஷனில் தேறிய அந்தப் பெண் கல்லூரியில் சேர விண்ணப்பம் போட்டபோது, ஆண்பிள்ளைகள் படிக்கும் இடத்தில் ஒரு பெண்ணா என்றும், அதிலும் இந்தக் குலத்துப் பெண்ணா என்றும் ஆட்சேபம் எழுந்தது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த ஆட்சேபங்களைத் தள்ளி, சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார். ஏகாதிபத்தியத்தின் முன் தோற்ற அதே அரசர்தாம் இவர். பிரகதாம்பாள் தாஸ் என்று கையெழுத்திடும் ஒருவர், தாசி குலத்துப் பெண் என்று ஊரார் ஒதுக்கிய ஒருத்திக்குக் கல்லூரிக் கதவைத் திறந்துவிட்டார் என்பதை நினைக்கும்போது, இந்த வம்சத்தின்மீது நான் முன்னே சொன்ன கடுமொழிக்குப் பக்கத்தில் இதையும் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அந்தப் பெண் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1927இல் சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகி, அதன் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தார். அவரை எதிர்த்தவர்களில் முன்னின்றவர் யார் என்று பார்த்தால், அவரும் நம்மவரே. 1887இல் திருமயத்தில் பிறந்து, இதே மகாராஜா கல்லூரியில் படித்து, ஆங்கிலேயனுக்கு அவன் மொழியிலேயே பதில் சொல்லி மிரளவைத்த தீரர் சத்தியமூர்த்திதாம் அவர். அந்நியனுக்குப் பணிவதை நெஞ்சார வெறுத்த அந்தத் தேசபக்தர், கோயில் ஊழியத்தையும் அதோடு ஒட்டிய கலையையும் தொடக் கூடாது என்று வாதித்தார். பெங்களூர் நாகரத்தினம்மாளைப் போன்று, அந்த மரபிலேயே தோன்றிப் புகழ் பெற்ற பெண்மணிகளும் தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்று அஞ்சி எதிர்த்தார்கள். அவர்களுடைய அச்சத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். பிறகு நடந்த காலத்தில் அந்தக் கலை வேறு கைகளுக்குப் போய் மேடையேறியபோது, அதை வளர்த்த குடும்பங்களில் பல வறுமையில் மறைந்துபோயின. ஆனால் சத்தியமூர்த்தியின் வாதத்தை ஏற்க முடியவில்லை. அடிமைத்தனத்தின் வலியை அவரைவிட நன்றாக மேடையில் எடுத்துச் சொன்னவர் தமிழ்நாட்டில் சிலரே. பொட்டுக் கட்டிய சிறுமியிடத்தில் அதே வலியைக் காண அவரால் ஆகவில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அறிவுக்கூர்மையை 1929ஆம் ஆண்டுச் சட்டத்தில் காணலாம். இந்து அறநிலையச் சட்டத்துக்குத் திருத்தமாக வந்த அது, ஊழிய மானியமாக அந்தப் பெண்கள் அனுபவித்துவந்த நிலங்களை ஊழிய நிபந்தனையிலிருந்து விடுவித்தது. ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அவர்களுடையதே. இழிவான சொல்லை நீக்க வேண்டுமானால் அகராதியைத் திருத்தினால் போதாது, பட்டாவைத் திருத்த வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துச் சட்டசபைப் பதவியைத் துறந்தார். பொட்டுக்கட்டுவதை அறவே தடுக்கும் சட்டம் 1947இல்தான் நிறைவேறிற்று.

நிமிரும் உரிமையே பணிவை அளக்கும் என்ற நியதியை ஒரு மேல்துண்டில் வைத்தும் பார்க்கலாம். கோயிலுக்குள் நுழைந்ததும் ஆண்மகன் தோளிலுள்ள துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்கிறான். மிராசுதாராயினும் அப்படித்தான், அதில் யாருக்கும் அவமானமில்லை. கோயிலைவிட்டு வெளியே வந்து, அந்த மிராசுதார் திண்ணையில் உட்கார்ந்ததும், பண்ணையாள் அதே துண்டை அதே விதமாக எடுத்து அதே இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அங்கே அது அவன் முதுகை முறிக்கும் செயலாயிற்று. முன்னவன் பிரகாரம் சுற்றி முடிந்ததும் துண்டைத் தோளுக்கு ஏற்றிக்கொள்வான். பின்னவன் ஏற்றினால் அன்றைக்கே பஞ்சாயத்து கூடும். நாதஸ்வர வித்வான்களும் மேல்வேஷ்டியைத் தோளில் போடக் கூடாது, சட்டை அணியக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கு நெடுங்காலம் உட்பட்டிருந்தார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை சட்டையும் ஷெர்வானியும் அணிந்து மேடையேறி வாசித்தார். சந்நிதியில் அவருடைய வாசிப்பில் இருந்த பக்தி அதனால் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை என்று கேட்டவர்கள் சொல்வார்கள்.

கடைசியாக ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். ஆங்கிலேயர் காலத்து உத்தியோகக் கடிதங்களில், ஜில்லாவையே ஆட்டிவைத்த கலெக்டர்கூடத் தம் கடிதத்தின் அடியில், தங்கள் மிகவும் கீழ்ப்படிதலுள்ள ஊழியன் என்ற பொருள்பட எழுதிக் கையொப்பமிடுவார். நெஞ்சு அணுவளவும் குவியாத அந்தக் கும்பிடு, கூழைக்கும்பிடுக்கு இலக்கணமாகவே அமைந்தது. அவர்கள் நாட்டில் அந்த வழக்கம் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது; நம் பள்ளிக்கூடங்களில் ஒழியவில்லை. காய்ச்சலில் படுத்த பத்து வயதுப் பிள்ளை ஒருநாள் விடுப்புக் கேட்டு எழுதும் கடிதத்தின் அடியில், 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்று எழுதும்படி நாம் கற்றுக்கொடுக்கிறோம். குருவினிடத்தில் மாணவனுக்குப் பக்தி வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. அந்தப் பக்தி தானாக வர வேண்டும். மாதிரிக் கடிதத்தில் அச்சடித்துக் கொடுத்து அதை வரவழைக்க இயலாது. பிள்ளை தன் காரணத்தை எழுதட்டும், நன்றி என்று முடிக்கட்டும், அதன் கீழே தன் பெயரையும் வகுப்பையும் எழுதட்டும். புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளிகளிலாவது வரும் கல்வியாண்டு முதல் இந்த ஒரு வரியை விட்டுவிடும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.